மூன்று டிரம்மும் ஒரு தண்ணி மேஸ்திரியும்

1

சிங்கப்பூரில் கட்டட முதலாளிகள் கொசுவுக்குப் பயப்படுகிற அளவுக்கு வேறு யாருக்கும் பயப்படுவதில்லை. வேலை நடக்கும் இடத்தில் எங்கோ ஒரு தகரத்தின் மடிப்பில் உள்ளங்கையளவு தண்ணீர் தேங்கி, அதில் ஒரு புழு நெளிந்தால் போதும். அரசாங்க அதிகாரிகள் மொத்த வேலையையும் நிறுத்திவைத்துவிடுவார்கள்.

இன்று காலை அந்த அதிகாரிகள் எங்கள் சைட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர், கையில் டார்ச், நீளமான காம்பு வைத்த கரண்டி. லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். கவிழ்த்து வைத்திருந்த தள்ளுவண்டிகளை நிமிர்த்திப் பார்த்தார்கள். மாடி மாடியாக ஏறினார்கள். பின்னாலேயே எங்கள் புராஜெக்ட் மானேஜர் லிம், முகம் துடைத்தபடி. கடைசியில் கரண்டி உலர்ந்தபடியே கீழே வந்தது. ஒரு சொட்டுக்கூட அகப்படவில்லை!

லிம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்? ஜப்பானிலா?"

"இல்லை சார். அடையாறில்."

அடையாறு ஜப்பானில் எந்தப் பக்கம் என்று கேட்காமல் மரியாதையாகத் தலையாட்டினார்.

உங்களுக்கு அடையாறு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் பாதி எழுதிவிட்டேன். கை பரபரக்கிறது.

2

இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. என் வேலை ஆட்களைப் பார்த்துக்கொள்வது: சேர்ப்பது, பழக்குவது, பாராட்டுவது, சண்டை தீர்ப்பது. கூடவே சைட்டின் குப்பை, தண்ணீர், புகை எல்லாம் என் பொறுப்பு. வேறு கம்பெனிகளில் இது இரண்டு பேர் பார்க்கிற வேலை. "இரண்டையும் ஏன் ஒருத்தியே பார்க்கிறாய்?" என்று கேட்பார்கள். மண்ணும் தண்ணீரும் யார் கை வழியாகப் போகிறதோ அந்தக் கையைப் பிடிக்காமல் மண்ணையும் தண்ணீரையும் எப்படிக் காப்பாற்றுவது? இது நான் புத்தகத்தில் படித்ததில்லை. தியாகராய நகரில், புடவைக் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஒரு பில்டர் ஆபீஸில் பர்சனல் ஆபீசராகச் சேர்ந்த முதல் வருடத்தில் புரிந்துகொண்டது.

அப்போது மெட்ராஸ் இன்னும் மெட்ராஸாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனி அடையாறில் ஓர் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் சைட்டின் ஓரமாகவே கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. முன்னால் நின்றவர் எதிர்வீட்டு மாமா. ரிட்டயர்ட் சர்க்கார் உத்தியோகஸ்தர், காலனி சங்கத்துக் காரியதரிசி. நான் முதன்முதலாக சைட்டுக்குள் நுழைந்த அன்றே என்னை வாசலில் மடக்கினார்.

"ஏம்மா, நீ மயிலாப்பூரோ?"

"ஆமாம் மாமா."

"பேசறதுலயே தெரியறது. நீயே சொல்லு. ஆத்துல ஜன்னலைத் திறக்க முடியறதா? விடிஞ்சா விறகுப் புகை. வாசல் சாக்கடையில சிமெண்டு உறைஞ்சு கல்லாப் போயிடுத்து. மாடியில குளமாட்டம் தண்ணியைக் கட்டி வெச்சிருக்கா, அத்தனை கொசுவும் எங்காத்துலதான் படுத்துக்கறது. இந்தக் கொட்டகைகளைக் கிளப்பலேன்னா நான் கோர்ட்டுக்குப் போயிண்டே இருப்பேன்."

மூன்று புகார். மூன்றும் உண்மை. அதுதான் கஷ்டம்.

எங்கள் எம்.டி.க்குக் கோர்ட் என்றால் ஆகாது. "கொட்டகையை எடுத்துடு" என்றார் ஒரே வார்த்தையில். "ஆளுங்க வெளியிலேருந்து வந்துட்டுப் போகட்டும்."

வெளியில் எங்கிருந்து? சித்தாள் கன்னியம்மாவிடம் இதைச் சொன்னபோது கையில் இருந்த பாண்டுச் சட்டியை அப்படியே கீழே போட்டாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, சட்டைப் பையில் வெற்றிலை, நாலு தெரு தாண்டிக் கேட்கிற குரல். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்தில் இருந்த குடிசை வெள்ளத்தில் போனபிறகு, இரண்டு பெண் குழந்தைகளோடு இந்தக் கொட்டகைக்கு வந்தவள். புருஷன் இல்லை.

"எங்க மேடம் போவேன்? கூவத்துக்குள்ளயா? பெரியவ இங்கதான் கார்ப்பரேசன் ஸ்கூலுக்குப் போய்க்கினு கீறா. கொட்டாயப் பிரிச்சா இஸ்கூலும் போச்சு, வேலையும் போச்சு. நீ இன்னாத்துக்கு ஆபீசரு?"

கடைசிக் கேள்வி நியாயமானது. அன்று சாயங்காலமே எம்.டி. முன்னால் போய் நின்றேன். எனக்கு இருபத்து மூன்று வயது, பட்ட மேற்படிப்பின் சூடு ஆறவில்லை. கொட்டகையைக் கிளப்பாமல் மூன்று புகாரையும் ஒழித்துக்காட்டுகிறேன் என்றேன்.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மூணாவது மாடித் தளம் போடற நாள் வரைக்கும் டைம். அன்னிக்கு அந்த எதிர்வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் கேப்பேன். அவரு வேணாம்னா, மறுநாள் கொட்டகை இருக்காது. நீயும் கிளாஸ் எடுக்கறேன், சார்ட் மாட்டறேன்னு என்கிட்ட வரக்கூடாது."

3

நடுவில் இந்த ஊர்க் கதை கொஞ்சம்.

வேலை பெர்மிட் வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் அனுபவச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறந்த ஊர் மெட்ராஸ். வேலை பார்த்த ஊர் சென்னை. "இரண்டில் எது?" என்றாள். "இரண்டும் ஒன்றுதான்." "ஒன்றென்றால் ஏன் இரண்டு பெயர்?" நான் என்ன செய்ய, பெயர் மாற்றியவர்கள் என்னைக் கேட்டா மாற்றினார்கள்? மூன்று தடவை என்னை வேறு வேறு வரிசைக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு பெரியவர் வந்து "கேன், கேன்" என்று, அதாவது ஆகட்டும் ஆகட்டும் என்று, முத்திரை குத்தினார். நானும் நன்றி சொல்லும் அவசரத்தில், நம் ஊர் ஆபீஸ் வழக்கப்படி "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்றேன். குத்தியாகிவிட்டதே, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் முழித்தார்.

தங்கியிருப்பது பெரியம்மா மகள் வீட்டில். அக்காவின் பையனுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான், ஆங்கிலத்தில் கேட்டால் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவான். வந்த புதிதில் நான் குளியலறையில் இரண்டு பக்கெட், சமையலறையில் ஒரு குண்டான், பால்கனியில் ஒரு டப் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. காலி பாத்திரத்தைப் பார்த்தால் என் கை தானாகக் குழாயைத் திறந்துவிடும்.

"சித்தி, why are you keeping water? Water is inside the tap, what" என்றான் பையன்.

அவனுக்கு எப்படிச் சொல்லுவேன்? குழாய் என்றால் அதற்குள் தண்ணீர் இருக்கும் என்று பிறந்ததிலிருந்தே நம்புகிற குழந்தை. தண்ணீர் லாரியின் ஹாரன் சத்தத்துக்குத் தூக்கத்திலேயே எழுந்து உட்காருகிறவர்கள் ஒரு நகரம் முழுக்க இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவானா? அந்த வாரமே வீடு வீடாகக் கொசு பார்க்கிறவர்கள் வர, அக்கா பால்கனிக்கு ஓடி என் டப்பைக் கவிழ்த்தாள். "உன் மெட்ராஸை ஊத்திட்டேன்டீ" என்று சிரித்தாள்.

சிரித்தேன். ஆனால் அந்த மெட்ராஸ்தான் எனக்கு வழி காட்டியது.

4

எம்.டி. வேண்டாம் என்று சொன்னது கிளாஸும் சார்ட்டும். டிரம் வேண்டாம் என்று சொல்லவில்லையே!

மூன்று பெரிய பிளாஸ்டிக் டிரம் வாங்கினேன். சிவப்பில் சிமெண்டுப் பை, பச்சையில் மரத்துண்டு, நீலத்தில் உடைந்த செங்கல், காரை. குப்பை பிரிந்துவிட்டால் சாக்கடையும் அடைக்காது, பிளாஸ்டிக் கலந்த விறகும் அடுப்புக்குப் போகாது. தேசிங்கு மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினேன். தேசிங்குதான் மொத்த ஆட்களையும் கூட்டிவருகிறவர், அவர் சொன்னால்தான் கை அசையும். எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள். நான் வெற்றி வீராங்கனை மாதிரி ஆபீஸுக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தால் மூன்று டிரம்மும் நிறைந்திருந்தன. விளிம்பு வரைக்கும். தண்ணீரால்.

"யார் செஞ்சது?"

கன்னியம்மா கூசாமல் முன்னால் வந்தாள். "நான்தான் மேடம். இன்னா இப்போ? காலி டிரம்மு கீது, லாரி வந்துகீது, வாட்ச்மேனு டீக்குப் பூட்டான். ரொப்பாம வாய் பாத்துகினு நிப்பனா?"

"அது குப்பை போடறதுக்கு கன்னியம்மா. காலையிலதானே சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. அல்லாம் கேட்டுகினோம். ஆனா புது டிரம்மு மேடம்! அதுல போயி குப்பையப் போட எந்த மெட்ராஸ்காரனுக்கு மனசு வரும்? நீ போடுவியா? உங்க வூட்ல போடுவியா?"

போடமாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா ஷேவிங் மக்கில்கூடத் தண்ணீர் பிடித்து வைப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பின்னால் நின்ற சித்தாள் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிரம்முகள் மட்டும் நிறைமாசக்காரிகள் மாதிரி அசையாமல் நின்றன.

சிரித்து முடித்தபோது எனக்குள் ஒன்று சட்டென்று பொருந்தியது. இவர்களுக்கு எதில் அக்கறை என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். தண்ணீர். அந்தச் சைட்டில் காசுக்கு வாங்குகிற லாரித் தண்ணீர் தினமும் செங்கல் தொட்டிக்கு வந்தது. அது கான்கிரீட்டுக்கு. குளிக்க ஒரு குடம் எடுத்தால் வாட்ச்மேன் விரட்டுவார். ஆனால் அதே தண்ணீரை ரப்பர் குழாயில் திறந்துவிட்டு, புதுக் கான்கிரீட் காய்ந்து வெடிக்காமலிருக்க, போட்ட தூண்களையும் தளத்தையும் நனைக்கிறேன் என்று மணிக்கணக்காகத் தெருவுக்கு ஓடவிட்டார்கள். சிமெண்டுக் கரைசலைச் சாக்கடைக்குக் கொண்டுபோனது அந்தத் தண்ணீர். மாடியில் பாத்தி கட்டித் தேங்கிக் கொசு வளர்த்ததும் அதேதான்.

தன்னுடையது இல்லாத தண்ணீரை யார் மிச்சம் பிடிப்பார்கள்?

5

மறுநாள் தொட்டிக்கரையில் உட்கார்ந்து பேரம் பேசினேன். நான், தேசிங்கு, கன்னியம்மா.

"வேலை முடியற நேரத்துல தொட்டியில மிச்சம் எவ்வளவு இருக்கோ அவ்வளவும் உங்களுக்கு. குளிங்க, துணி துவைங்க, டிரம்முல பிடிச்சு வைங்க. வாட்ச்மேன் வாயைத் திறக்கமாட்டார். ஆனா கான்கிரீட் காயக்கூடாது."

"அதெப்டி காயாம இருக்கும்?" என்றார் தேசிங்கு. "குழாயில வுடாம, எச்சி தொட்டா தடவறது?"

"கோணி. தூணைச் சுத்திக் கோணியைக் கட்டி நனைச்சா நாள் பூரா ஈரம் நிக்கும். தளத்துலயும் பாத்தி வேண்டாம், கோணியை விரிச்சு நனைச்சுண்டே இருங்க. தேங்கின தண்ணியும் இல்லை, கொசுவும் இல்லை."

குப்பைக்கும் கோணிதான். வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். கோணியில் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதில்லையா!

கன்னியம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அல்லாம் சரி. கோணி ஈரமா கீதா, குழாய எவனாவது தொறந்து வுட்டுட்டுப் பூட்டானா, குப்ப எங்க போவுது, இதெல்லாம் யாரு பாக்கறது?"

"நீதான்."

"எனக்கு இன்னா பேரு?"

"பேரா?"

"ஆமா மேடம். நான் சித்தாளு. சித்தாளு சொன்னா எந்தக் கொத்தனாரு கேப்பான்? போடின்னு பூடுவான். எனக்குப் பேரு குடு. மேஸ்திரின்னு குடு."

தேசிங்கு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொம்பள மேஸ்திரியா! சைதாப்பேட்டைலேர்ந்து பெசன்ட் நகர் வரிக்கும் சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டும் நைனா" என்றாள் கன்னியம்மா. "கொட்டாயி போனா எவனும் சிரிக்கமாட்டான். உன் பொண்டாட்டியும் அதே கொட்டாயிலதான் கீது."

தேசிங்கின் சிரிப்பு நின்றது.

நான் அன்றைக்கே ஆபீஸில் உட்கார்ந்து வருகை அட்டையில் புதிதாக ஒரு பதவியைத் தட்டச்சு செய்தேன். தண்ணி மேஸ்திரி. கொத்தனார் கூலி. எம்.டி. அதைப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு பதவி இந்தியாவிலேயே கிடையாது" என்றார். "அதனாலதான் சார்" என்றேன். நல்லவேளையாக அப்போது அவருக்கு போன் வந்தது.

6

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், வேகமாகத்தான் நடந்தது.

கன்னியம்மா கையில் குழாய் வந்ததும் சைட்டே வேறு மாதிரி ஆனது. திறந்த குழாயை எங்கிருந்தாலும் காதால் கண்டுபிடித்தாள். "டேய் எவன்டா அது, உங்கப்பன் வூட்டுக் கடலா?" என்று மூன்று மாடிக்குக் கேட்கும். கலவை இயந்திரம் கழுவின தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் பள்ளத்தில் தெளியவிட்டு, செங்கல் நனைக்க எடுத்தார்கள். சாயங்காலம் தொட்டியில் முழங்கால் அளவு மிச்சம் நின்றது. பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கான்கிரீட் தாங்குமா என்று சைட் எஞ்சினியர் புலம்பிக்கொண்டே இருந்தார். சோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்ததும் புலம்பலை நிறுத்தினார்.

லாரிச் செலவு குறைந்தது எம்.டி. கண்ணில் பட்டது. அந்தச் சூட்டோடு சூடாக, கொட்டகைக்குப் பொதுச் சமையலறையும் இரண்டு கேஸ் அடுப்பும் கேட்டேன். கக்கூஸும் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்றையும் கொடுத்தார். புகை போயிற்று. மாமா வீட்டு ஜன்னல் ஒருநாள் திறந்திருந்தது. நான் தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருந்து மாமி, "என்னடீம்மா வேணும்?" என்றாள். "ஒண்ணுமில்லே மாமி, ஜன்னலைப் பார்த்தேன்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

பிறகு கோடை வந்தது. நம் ஊர்க் கோடை. காலனிக் கிணறுகளெல்லாம் உப்பாகி, தெருமுனைக்கு அரசாங்க லாரி வரத் தொடங்கியது. குடங்கள் இடித்துக்கொண்டன, மனிதர்களும். மாமா ஒருநாள் பக்கெட்டோடு வரிசையில் நின்று, வேட்டி நனைந்து, வெறும் பக்கெட்டோடு திரும்பியதை நானே பார்த்தேன். மறுநாள் கன்னியம்மா அந்த வரிசைக்குள் இறங்கினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வீணாவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"யம்மா, குடத்த வரிசயா வைய்யி. வூட்டுக்கு இத்தினிதான். யோவ் பெர்சு, நீ இன்னாத்துக்கு நிக்கிற, அப்டி நெழலுக்குப் போ. உன் பக்கெட்ட நான் பாத்துக்கறேன்."

பெர்சு என்று அழைக்கப்பட்டவர் எதிர்வீட்டு மாமா. ரிட்டயர்ட் சர்க்கார் உத்தியோகஸ்தர். நிழலுக்குப் போனார்.

லாரி வராமல் போன நாட்களில் எங்கள் தொட்டி மிச்சத்திலிருந்து காலனிக்கும் குடம் போயிற்று. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது கொட்டகைப் பெண்கள். அது அவர்கள் தண்ணீர்.

7

இன்று சாயங்காலம் செரங்கூன் ரோட்டில் இறங்கி ஒரு துண்டு வாங்கினேன். கரை போட்ட நல்ல வெள்ளைத் துண்டு. எங்கள் சைட்டில் தேங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற புதுக்கோட்டை ராமையாவுக்கு நாளைக் காலைக் கூட்டத்தில் லிம் கையால் அதைப் போடச் சொல்லப்போகிறேன். ஏன் துண்டு என்று லிம் கட்டாயம் கேட்பார். அவருக்குச் சொல்லப்போவதை உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாடித் தளம் போட்ட நாள். விடிந்ததிலிருந்து கலவை இயந்திரத்தின் உறுமல், படிப்படியாகக் கை மாறி மேலே போகிற பாண்டுகள். கடைசிப் பாண்டு கொட்டியபின் முதலாளி மேலே ஏறிவந்து மேஸ்திரிக்குத் துண்டு போடுவார், எல்லோருக்கும் பிரியாணி. நம் ஊரில் எந்தத் தளத்துக்கும் அதுதான் வழக்கம். எம்.டி. ஏறிவந்தார். சொன்னபடியே எதிர்வீட்டு மாமாவையும் கூட்டி வந்தார். மாமா கைப்பிடி இல்லாத படிகளில் மூச்சு வாங்க ஏறினார்.

ஆட்கள் எல்லோரும் பாண்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். கன்னியம்மா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவ்வளவு அமைதியாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"சார், உங்க கம்ப்ளெயிண்ட் ஞாபகம் இருக்கு" என்றார் எம்.டி. "நீங்க சொன்னா நாளைக்கே கொட்டகையை எடுத்துடறோம்."

மாமா திரும்பினார். "எடுக்கறதா? யாரைக் கேட்டுண்டு எடுக்கறேள்?"

"நீங்கதானே சார் கோர்ட்டுக்கு..."

"அது அப்போ. இப்போ அந்தப் பொண்ணைக் கிளப்பினேள்னா நான் கோர்ட்டுக்குப் போயிண்டே இருப்பேன். எங்க தெருவுக்கு லாரி வந்தா யார் பார்த்துக்கறது, நீங்களா வருவேள்?"

மாடியே கத்தியது. தேசிங்கு பாண்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள், நான் தடுத்துவிட்டேன், இன்றைக்குவரை அதற்காக வருத்தப்படுகிறேன்.

எம்.டி. தேசிங்குக்குத் துண்டு போட்டார். தட்டில் இன்னொன்று இருந்தது. நான்தான் இரண்டு வாங்கச் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் தயங்கினார். "பொம்பளைக்குத் துண்டு எப்படிம்மா? ஒரு புடவை வாங்கிக் கொடுத்துடலாமே."

கன்னியம்மாவுக்குக் குரல் திரும்பிவிட்டது.

"புடவய பொங்கலுக்கு குடு சார். மேஸ்திரிக்குத் துண்டுதான்."

எம்.டி. துண்டை உதறி விரித்தார். பிறகு அந்த ஆம்பளைச் சட்டைத் தோளின்மேல் துண்டைப் போட்டார். அவள் அதை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பிரியாணிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

"இன்னா, அல்லாரும் எங்க போய்க்கினு கீறீங்க? தளம் இறுகறதுக்குள்ள கோணிய நனச்சு வைக்கணும். யோவ் தேசிங்கு நைனா, வா இப்டி!"

கழுத்தில் புதுத் துண்டோடு தேசிங்கு மேஸ்திரி கோணி எடுக்கப் போனார்.